ஆபீஸில் ஆல்-இன்-ஒன் பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், கிழக்கே ஆரல்வாய்மொழி முதல் மேற்கே களியக்காவிளை வரை ஆபீஸ்களுக்கு பிரிண்டர் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. பத்திர எழுத்தர் அலுவலகம், முந்திரி ஆலையின் கணக்குப் பிரிவு, ரப்பர் ஷீட் வாங்கும் கடை, பள்ளிக்கூடம், சர்ச் ஆபீஸ் என்று இடம்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் செய்யும் ஒரு மெஷின், ஒரு ரௌட்டர், மூன்று முதல் பதினைந்து விண்டோஸ் கணினிகள் உள்ள ஆபீஸை மனதில் வைத்தே பதில்கள் இருக்கும்.

இன்டர்நெட் போய்விட்டால் நெட்வொர்க் பிரிண்டரும் நின்றுவிடுமா?

நிற்காது. கணினியிலிருந்து ரௌட்டருக்கு, ரௌட்டரிலிருந்து பிரிண்டருக்கு. பிரிண்ட் போகும் வழி அவ்வளவுதான். எல்லாம் உங்கள் சுவருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வெளியே மரம் விழுந்து ஃபைபர் அறுந்தாலும், ரௌட்டரின் விளக்கு எரிகிற வரை பிரிண்ட் வரும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து, டிசம்பரில் கரண்ட் இல்லாமல் நாட்கணக்கில் கிடந்தோமே, அப்போது ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு ஆபீஸில் இன்டர்நெட் சுத்தமாக இல்லாமலேயே பிரிண்ட் ஓடியது. ‘நெட் இல்ல, எப்படி பிரிண்ட் வருது?’ என்று அவர்களுக்கே ஆச்சரியம்.

இன்டர்நெட் தேவைப்படுவது மெயிலுக்கு ஸ்கேன் அனுப்பவும், சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கும்தான். எப்போதும் இன்டர்நெட்டில் இருந்தால்தான் ஓடும் என்ற நிபந்தனையோடு விற்கும் மாடல்களும் உண்டு. விலை குறைவாகத் தெரிந்தால் அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

கேபிள் நல்லதா, வைஃபை நல்லதா?

கேபிள். மெஷினில் லேன் போர்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் துளை) இருந்து, ரௌட்டர் வரை கேபிள் இழுக்க முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம். பிரிண்டர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் சாமான், அதற்கு வைஃபை எதற்கு? ஒரே கேபிளில் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகலாம், அதற்கு மேல் என்றால் நடுவில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் (கேபிள்களை இணைக்கும் பெட்டி) வேண்டும்.

வைஃபைதான் வழி என்றால் ஒன்றைப் பாருங்கள். சந்தையில் உள்ள பல மெஷின்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ரௌட்டரில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் இருந்தால் 2.4-இன் பெயரைத்தான் மெஷினில் கொடுக்க வேண்டும். அப்புறம் நம்ம ஊர்ப் பழைய கட்டிடங்களின் கல் சுவர். தக்கலைப் பக்கம் ஒரு ஆபீஸில் ரௌட்டர் முன்னறையில், மெஷின் இரண்டு சுவர் தாண்டிப் பின்னறையில். போனில் சிக்னல் இரண்டு கோடு காட்டியது, இருபது பக்க பிடிஎஃப் அனுப்பினால் பாதியில் நின்றது. கேபிள் இழுத்த பிறகு அந்த ஆபீஸிலிருந்து எனக்கு போன் வந்ததில்லை.

லேன் கேபிளைச் செருகியும் விளக்கு எரியவில்லையே?

முதலில், செருகியது லேன் கேபிள்தானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். ஃபேக்ஸ் வசதியுள்ள மெஷினோடு ஒரு டெலிபோன் வயரும் பெட்டியில் வரும். டெலிபோன் முனை சிறியது என்பதால் லேன் போர்ட்டுக்குள் ஏறத்தாழ ‘டிக்’ என்று உட்கார்ந்துவிடும். ஒரு பள்ளியில் அரைமணி நேரம் ரௌட்டரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் மெஷினை நகர்த்திப் பின்பக்கம் டார்ச் அடித்தபோதுதான் நான் கண்டுபிடித்தேன். இரண்டோ நாலோ பித்தளைக் கம்பி தெரிந்தால் டெலிபோன், எட்டு தெரிந்தால் லேன்.

எட்டும் இருந்தும் எரியவில்லை என்றால் முனை அடித்தது சரியில்லை. வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. பலர் செய்யும் தவறு, பச்சை ஜோடியைப் பிரிக்காமல் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிடுவது. மூன்றாவதும் ஆறாவதும்தான் ஒரு ஜோடி.

ஐபி முகவரி என்கிறார்களே, அதை ஏன் மாறாமல் வைக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ‘பிரிண்டர் கெட்டுப் போச்சு’ என்று எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கும், அதன் முகவரிதான் மாறியிருக்கும்.

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் ஒரு எண்ணைக் கொடுக்கிறது, 192.168.1.7 என்பதுபோல. அந்த எண் தற்காலிகமானது. குறிப்பிட்ட நேரம் கருவி அணைந்து கிடந்தால் ரௌட்டர் அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்.

விளவங்கோடு பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் திங்கட்கிழமை தோறும் பிரிண்டர் ஓடாது, செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சரி செய்வேன். மூன்று வாரம் இப்படி. நாலாவது திங்களன்று காலையிலேயே போய் உட்கார்ந்தேன். பிரவுசரில் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து யார் யாருக்கு எந்த எண் என்று பார்த்தால், பிரிண்டருக்கு உரிய 192.168.1.7-இல் கணக்கர் அம்மாவின் போன் உட்கார்ந்திருக்கிறது. சனிக்கிழமை மதியம் மெஷினை அணைத்துவிட்டுப் போவார்கள். திங்கள் காலை ஒன்பதே காலுக்கு அந்த அம்மா முதலில் வருவார், போன் தானாக வைஃபையில் சேரும், காலியாக இருந்த எண்ணை எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஆபீஸ் பையன் மெஷினைப் போடுவான், அதற்கு வேறு எண். கணினிகள் எல்லாம் பழைய எண்ணுக்கே, அதாவது அந்த அம்மாவின் போனுக்கே, கடன் பத்திரங்களை அனுப்பிக்கொண்டிருந்தன.

இதற்கு இரண்டு வழி. ரௌட்டரில் மெஷினின் மேக் முகவரியை (தயாரிக்கும்போதே அதற்குக் கொடுத்த அடையாள எண்) சொல்லி ‘இவருக்கு எப்போதும் இந்த எண்தான்’ என்று ஒதுக்கி வைக்கலாம். அல்லது மெஷினின் திரையிலேயே நெட்வொர்க் செட்டிங்ஸில் போய், தானாக எண் வாங்குவதை நிறுத்திவிட்டு நாமே எண்ணைத் தட்டலாம். புத்தகப்படி முதல் வழிதான் நேர்த்தி. நான் செய்வது இரண்டாவது. காரணம், ரௌட்டர் பழுதானால் இன்டர்நெட்காரர் வந்து புதியதை மாட்டிவிட்டுப் போய்விடுவார், ஒதுக்கி வைத்ததெல்லாம் அதோடு போய்விடும்.

மெஷினில் கைப்பட எண் கொடுக்கும்போது, ரௌட்டர் தானாகப் பங்கு வைக்கும் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணாகக் கொடுக்க வேண்டும். ரௌட்டரின் பங்கீட்டை 100 முதல் 200 வரை என்று குறுக்கிவிட்டு, மெஷினுக்கு 192.168.1.50 கொடுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே (நெட்வொர்க்கை விட்டு வெளியே போகும் வாசல்) ரௌட்டரின் எண். டிஎன்எஸ் (இணையப் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருவது) கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், அதிலும் ரௌட்டரின் எண்ணைப் போடுங்கள். காலியாக விட்டால் பிரிண்ட் வரும், மெயிலுக்கு ஸ்கேன் மட்டும் போகாது. காரணம் தெரியாமல் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

கடைசியாக அந்த எண்ணை ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி மெஷின் நெற்றியில் செல்லோ டேப் போட்டு ஒட்டுங்கள்.

மெஷினில் 169.254 என்று தொடங்கும் எண் காட்டுகிறது. அது என்ன?

ரௌட்டரிடம் எண் கேட்டுப் பதில் வராததால் மெஷின் தனக்குத் தானே வைத்துக்கொண்ட எண். கேபிள், சுவிட்ச், ரௌட்டர் மூன்றில் ஒன்று சரியில்லை. கணினியில் உள்ள டிரைவரை (மெஷினோடு பேச உதவும் சாஃப்ட்வேர்) தொட வேண்டாம்.

மெஷினும் லேப்டாப்பும் ஒரே ஆபீஸ் வைஃபையில்தான் இருக்கின்றன. ஒன்றை ஒன்று பார்க்க மாட்டேன் என்கிறதே?

ஒரே ஆபீஸ் என்பது வேறு, ஒரே நெட்வொர்க் என்பது வேறு. இங்கே வழக்கமாக நடப்பது இது. ஃபைபர் கனெக்‌ஷனோடு ஒரு மோடம் கொடுக்கிறார்கள், அதிலேயே வைஃபை இருக்கிறது. பின்னறைக்கு எட்டவில்லை என்று நீங்கள் கடையில் இன்னொரு ரௌட்டர் வாங்கி அதன் பின்னால் மாட்டுகிறீர்கள். முதலாவது 192.168.1 என்ற தெருவை நடத்துகிறது, இரண்டாவது 192.168.0 என்று தனியாக ஒரு தெருவைத் தொடங்கிவிடுகிறது. இரண்டாவது தெருக்காரர் முதல் தெருவுக்குப் போகலாம், முதல் தெருக்காரர் இரண்டாவதுக்குள் வர முடியாது. அதனால்தான் பின்னறைக் கணினியில் பிரிண்ட் வருகிறது, முன்னறையில் வருவதில்லை, அல்லது பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் போவதில்லை என்ற மாய வித்தையெல்லாம்.

எல்லாக் கணினிகளிலும் கருப்பு கமாண்ட் திரையைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். அது காட்டும் ஐபி முகவரியில், புள்ளிகளால் பிரிந்த முதல் மூன்று எண்களும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது ரௌட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பழைய ரௌட்டர் என்றால் இப்படிச் செய்யுங்கள்: அதன் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்றி, எண் பங்கிடும் வேலையை நிறுத்தி, மோடத்திலிருந்து வரும் கேபிளை நீல நிற வான் (WAN) போர்ட்டில் செருகாமல் மஞ்சள் லேன் போர்ட்களில் ஒன்றில் செருகுங்கள். நிறம் மாடலுக்கு மாடல் மாறும், பெயரைப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. விருந்தினருக்கு என்று வைத்த கெஸ்ட் வைஃபையில் சேர்ந்திருப்பீர்கள். அதில் சேர்ந்தவர்கள் ஆபீஸ் நெட்வொர்க்கில் உள்ளவற்றைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கமே.

விண்டோஸில் எப்படிச் சேர்ப்பது?

‘பிரிண்டரைச் சேர்’ என்று கொடுத்தால் விண்டோஸ் தானாகத் தேடி மெஷினின் பெயரைக் காட்டும். அதை அமுக்கினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது போல் இருக்கும். நான் அப்படிச் சேர்ப்பதில்லை. தானாகக் கண்டுபிடித்தால் விண்டோஸ் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற வகைப் போர்ட்டை (இது கேபிள் செருகும் துளை அல்ல, விண்டோஸ் மெஷினோடு பேசும் வழி) உருவாக்கும். மெஷின் தூங்கி எழுந்தால் இந்த வகைக்கு அடிக்கடி ஞாபக மறதி வரும்.

‘நான் தேடும் பிரிண்டர் பட்டியலில் இல்லை’ என்பதை அமுக்கி, ஐபி முகவரி வழியாகச் சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்து, ஒட்டி வைத்த எண்ணைத் தட்டுங்கள். இது 9100 என்ற போர்ட் வழியாக நேராகப் பேசும். டிரைவரை மெஷின் கம்பெனியின் தளத்திலிருந்து, சரியான மாடல் எண்ணைப் பார்த்து இறக்குங்கள். ஒரு எழுத்து மாறினாலும் மாடல் வேறு.

ஸ்கேனுக்கான சாஃப்ட்வேரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். பிரிண்ட் வந்துவிட்டது என்று பேக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் டெக்னீஷியனை வாசலிலேயே நிறுத்தி ஒரு ஸ்கேன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, கணினியில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. ஏன்?

மெஷின் திரையில் இப்போதைய எண்ணைப் பாருங்கள். நெற்றியில் ஒட்டிய எண்தானா? இல்லையென்றால் மேலே சொன்ன கதை. அதே எண் என்றால் கணினியில் கமாண்ட் திரையைத் திறந்து அந்த எண்ணுக்கு ‘பிங்’ (ping) கொடுங்கள். பதில் வந்தால் வழி சரியாக இருக்கிறது, குற்றம் விண்டோஸில். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட் பகுதிக்குப் போய் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். மெஷினின் நலம் விசாரிக்க விண்டோஸ் அனுப்பும் கேள்விக்குப் பதில் வராவிட்டால், மெஷின் முழிப்பாக இருந்தாலும் ஆஃப்லைன் என்று முடிவு கட்டிவிடும்.

முன்பு அனுப்பிய ஏதோ ஒரு பைல் வரிசையில் சிக்கிக் கிடந்தாலும் பின்னால் உள்ளவை நகராது. சர்வீசஸ் பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ (பிரிண்ட் வரிசையை நடத்தும் விண்டோஸ் சேவை) என்பதை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் உள்ள பைல்களை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட விடுங்கள்.

ஒரு கணினியில் யுஎஸ்பி வழியாக மாட்டி, மற்றவர்களுக்கு ஷேர் செய்தால் போதாதா? செலவு இல்லையே?

லேன் போர்ட் இல்லாத மெஷின் என்றால் வேறு வழியில்லை. இருந்தால் செய்யாதீர்கள். அந்த ஒரு கணினி அணைந்தால் ஆபீஸ் முழுக்க நின்றுவிடும். 2021-இல் விண்டோஸின் ஸ்பூலரில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஷேர் பிரிண்டர்களின் விதிகளை இறுக்கிக்கொண்டே வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு 011பி என்று முடியும் பிழை எண் ஊர் ஊராக வந்தது ஞாபகம் இருக்கிறதா? எண் வழியாக நேரடியாகச் சேர்த்திருந்த ஆபீஸ்களில் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்கேன் செய்தால் கணினியின் ஃபோல்டரில் போய் விழ வேண்டும். எவ்வளவு முயன்றும் ‘இணைக்க முடியவில்லை’ என்கிறது.

வேலை நேரத்தில் பாதியைத் தின்பது இதுதான். பிரிண்ட் செய்யும்போது கணினி மெஷினைத் தேடிப் போகிறது. ஃபோல்டருக்கு ஸ்கேன் செய்யும்போது மெஷின் உங்கள் கணினியின் கதவைத் தட்டுகிறது. அதனால் இப்போது நிலையான எண் கணினிக்கும் வேண்டும், திறக்க அனுமதியும் வேண்டும்.

நான் செய்யும் முறை: கணினியில் ‘ஸ்கேன்’ என்ற பெயரில் தனியாக ஒரு யூசரை உருவாக்கி, பாஸ்வேர்ட் வைத்து, அது காலாவதியாகாதபடி டிக் போட்டுவிடுவேன். சி டிரைவில் ஒரு ஃபோல்டர். அதை ஷேர் செய்து அந்த யூசருக்கு எழுதும் அனுமதி. இங்கேதான் பலர் வழுக்குவார்கள். அனுமதி இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும், ஷேரிங் பக்கத்தில் ஒன்று, செக்யூரிட்டி பக்கத்தில் ஒன்று. ஒன்றில் விட்டுப் போனாலும் கதவு திறக்காது. கணினியின் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஃபயர்வால் தட்டுகிற ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் ஒரு குழப்பம். காலையில் கணினியைத் திறக்க நாலு இலக்க பின் தட்டுகிறீர்களே, அது பாஸ்வேர்ட் அல்ல. அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே செல்லும். மெஷினில் அதைக் கொடுத்தால் ஒரு நாளும் வேலை செய்யாது.

எல்லாம் சரியாகச் செய்தும் போகவில்லை என்றால் மெஷினின் வயதைக் கேளுங்கள். பழைய ஜெராக்ஸ் மெஷின்கள் எஸ்எம்பி-யின் (ஷேர் செய்த ஃபோல்டரோடு பேசும் விண்டோஸ் முறை) முதல் பதிப்பில் மட்டுமே பேசும். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் புகுந்தது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்தால் அது சேர்ந்து வராது. ‘அதை மறுபடி ஆன் பண்ணி விடுங்க சார், பக்கத்துக் கடையில அப்படித்தான் செஞ்சாங்க’ என்பார்கள். நான் செய்து தருவதில்லை. முதலில் மெஷினுக்கு புது ஃபர்ம்வேர் (மெஷினுக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர்) இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் கணினியில் ஒரு சிறிய எஃப்டிபி (பைல் அனுப்பும் ஒரு முறை) சர்வர் போட்டு, ஸ்கேனை அந்த வழியில் வாங்குவேன். எஃப்டிபியும் பழைய முறைதான், பாஸ்வேர்டை மறைக்காமல் அனுப்பும். ஆனால் ஆபீஸுக்குள் மட்டும், ஒரு ஃபோல்டருக்கு மட்டும் என்று கட்டிப் போட முடிகிறது.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபின் இன்னொரு அலை. புரோ பதிப்பில் எஸ்எம்பி இணைப்புக்கு டிஜிட்டல் கையொப்பம் (சைனிங்) கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். நேற்றுவரை போன ஸ்கேன், அப்டேட்டுக்கு மறுநாள் நின்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மெஷினின் செட்டிங்ஸில் எஸ்எம்பி சைனிங் என்று ஏதாவது இருந்தால் அதை ஆன் செய்து பாருங்கள்.

இவ்வளவு தலைவலி வேண்டாம், ஒரு ஆள்தான் ஸ்கேன் செய்வார் என்றால், அவர் கணினியில் ஸ்கேன் சாஃப்ட்வேரைத் திறந்து அங்கிருந்தே இழுத்துக்கொள்ளட்டும். அழகில்லை, ஆனால் நடக்கும்.

ஸ்கேனை நேராக மெயிலுக்கு அனுப்பினேன், முன்பு போனது. இப்போது ஜிமெயில் மறுக்கிறது.

2022 மே 30 முதல் ஜிமெயிலின் சாதாரண பாஸ்வேர்டை மெஷினில் கொடுத்தால் ஏற்றுக்கொள்வதில்லை. கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை ஆன் செய்து, ‘ஆப் பாஸ்வேர்ட்’ என்று 16 எழுத்து கொண்ட ஒன்றை உருவாக்கி அதைக் கொடுங்கள். போர்ட் 587, பாதுகாப்பு ஸ்டார்ட்டிஎல்எஸ். மெஷினில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், 2010 ஜனவரி ஒன்று என்று காட்டிக்கொண்டிருந்தால் பாதுகாப்புச் சான்று சரிபார்ப்பு தோற்றுப்போகலாம். அட்டாச்மென்ட் 25 எம்பி-யைத் தாண்டினாலும் ஜிமெயிலில் போகாது.

எங்கள் அலுவலகத்தில் பழைய மலையாளப் பிரமாணங்கள் (சொத்துப் பத்திரங்கள்) நிறைய. எப்படி ஸ்கேன் செய்யலாம்?

இந்த மாவட்டத்துக்கே உரிய கேள்வி. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், கல்குளம், விளவங்கோடு பக்கம் மூல ஆவணத்தைத் தேடிப் போனால் மலையாளத்தில் கையால் எழுதிய, சங்கு முத்திரை போட்ட பிரமாணம் வந்து நிற்கும். பல எழுபது, எண்பது வருடம் மடித்து டிரங்குப் பெட்டியில் கிடந்தவை. மடிப்பிலேயே கிழிந்து நிற்கும்.

இவற்றைத் தயவுசெய்து மேல்தட்டில், அதுதான் ஏடிஎஃப்-இல், வைக்காதீர்கள். ரப்பர் உருளை பிடித்து இழுத்தால் அதோடு முடிந்தது. கண்ணாடியில் வைத்து, மூடியை மெதுவாக இறக்கி, 300 டிபிஐ, கலரில் எடுங்கள். கருப்பு வெள்ளையில் எடுத்தால் பைல் சிறியதாகும்தான், ஆனால் மங்கிய பழுப்பு மையும் காகிதத்தின் பழுப்பும் ஒன்றாகி எழுத்து காணாமல் போகும். முத்திரைத் தாளின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள்.

பைலுக்குப் பெயர் வைக்கும்போது கொல்லம் ஆண்டை மட்டும் போட்டால் பின்னால் வரும் பையன்களுக்குப் புரியாது. கொல்லம் 1110 என்றால் ஆங்கில ஆண்டு 1934-35. இரண்டையும் போடுங்கள்.

லீகல் பேப்பர் வைத்தால் ‘அளவு பொருந்தவில்லை’ என்று நிற்கிறது.

நம் கடைகளில் லீகல் என்று விற்கும் தாள் பெரும்பாலும் 215 க்கு 345 மில்லிமீட்டர். மெஷினுக்குத் தெரிந்த லீகல் அமெரிக்க லீகல், 216 க்கு 356. பதினொரு மில்லிமீட்டர் குறைகிறது. தாள் சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று சென்சார் குழம்பி ஜாம் என்று சொல்லிவிடும். டிரைவரில் ‘இந்தியன் லீகல்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கஸ்டம் அளவில் ஸ்கேலால் அளந்து போடுங்கள். மெஷினின் டிரே செட்டிங்கிலும் அதே அளவைச் சொல்ல வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பழையபடி நிற்கும்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது.

திரையில் சரியாகத் தெரிந்து காகிதத்தில் மட்டும் கெட்டால், பிடிஎஃப் பிரிண்ட் செய்யும் பெட்டியில் ‘படமாக அச்சிடு’ என்பதை டிக் செய்யுங்கள். கொஞ்சம் மெதுவாக வரும், சரியாக வரும். திரையிலேயே கட்டமாக இருந்தால் அந்தப் பழைய எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை, மெஷினைத் திட்டிப் பயனில்லை.

மழைக்காலத்தில் மட்டும் ஜாம் ஆகிறது. சில சமயம் புகை வேறு வருகிறது!

புகை அல்ல, ஆவி. இங்கே ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. பிரித்துப் போட்ட ரீம் இரண்டு நாளில் ஈரத்தைக் குடித்துவிடும். அந்தத் தாள் ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் உள்ள, டோனரைத் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசர் உருளைக்குள் போகும்போது ஈரம் ஆவியாகி, தாள் வெளியே வரும் வாயிலில் மெல்லிசாகச் சுருண்டு எழும்பும். முட்டம், குளச்சல் போன்ற கடலோர இடங்களில் இது இன்னும் அதிகம். வேண்டிய தாளை மட்டும் டிரேயில் வைத்து, மிச்சத்தை ரீம் கவரோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வையுங்கள்.

மழையை விட இடி எனக்குப் பயம். ஐப்பசி, கார்த்திகை மாலை இடிக்கு மெஷினின் கரண்ட் பக்கம் தப்பி, லேன் போர்ட் மட்டும் கருகுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்கு, தென்னை மரத்தில் கட்டி லேன் கேபிளை வெளியில் இழுத்த இடங்கள். வெட்டவெளியில் போகும் செம்புக் கம்பி இடியின் அதிர்வை அப்படியே உள்ளே கொண்டுவரும். கட்டிடங்களுக்கு இடையே ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது.

லேசர் மெஷினை யுபிஎஸ்-இல் மாட்டலாமா?

வேண்டாம். சூடேறும் நொடிகளில் ஆயிரம் வாட்டைத் தாண்டும் மெஷின்கள் உண்டு, 600 விஏ யுபிஎஸ் அதைத் தாங்காது, கணினிகளையும் சேர்த்து அணைத்துவிடும். ரௌட்டரையும் சுவிட்சையும் யுபிஎஸ்-இல் வையுங்கள், மெஷினுக்கு நல்ல எர்த் உள்ள தனி பிளக் கொடுங்கள்.

போனிலிருந்து பிரிண்ட் எடுக்க முடியுமா? லினக்ஸில்?

முடியும். போன் அதே வைஃபையில் இருந்தால் போதும், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் பிரிண்ட் வசதி உள்ளேயே இருக்கிறது. ஓரளவு புதிய மெஷின் என்றால் லினக்ஸும் டிரைவர் கேட்காமல் தானாகவே கண்டுகொள்ளும்.

பிரிண்டருக்கு எதற்கு சார் பாதுகாப்பு?

பிரவுசரில் மெஷினின் எண்ணைத் தட்டுங்கள், ஒரு பக்கம் திறக்கும். ஃபேக்டரி பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தால், உங்கள் வைஃபையில் சேர்ந்த யார் வேண்டுமானாலும் அதே பக்கத்தைத் திறந்து மெயில் பட்டியலைப் பார்க்கலாம், ஸ்கேன் போகும் இடத்தை மாற்றலாம். வீட்டிலிருந்து பிரிண்ட் எடுக்கலாமே என்று ரௌட்டரில் 9100 போர்ட்டை வெளியே திறந்து விடுபவர்களும் இருக்கிறார்கள். திறந்தால் உலகமே உங்கள் காகிதத்தில் எழுதலாம்.

பெரிய ஜெராக்ஸ் மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் உண்டு. ஸ்கேன் செய்தவற்றின் பிரதி அதில் தங்கியிருக்க வாய்ப்புண்டு. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் அதை அழிக்கும் மெனுவைத் தேடுங்கள்.

ஆபீஸை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம். மெஷினை அப்படியே தூக்கிப் போய் மாட்டலாமா?

தூக்குவதற்கு முன் மெஷினிலிருந்து நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள், பெயர், எண், மேக் முகவரி எல்லாம் அதில் இருக்கும். டோனரைக் கழற்றிக் கவரில் போடுங்கள். டேங்க் இங்க் மெஷின் என்றால் சாய்க்கவே கூடாது, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாலும் சரி.

புது இடத்தில் இன்டர்நெட் கம்பெனி மாறியிருந்தால் தெருவும் மாறியிருக்கும். முன்பு 192.168.1, இப்போது ஜியோ ரௌட்டர் என்றால் 192.168.29. மெஷின் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு யாருக்கும் எட்டாமல் நிற்கும். அதன் திரையில் போய் 192.168.29.50 என்று மாற்றுங்கள், கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் 192.168.29.1 ஆக்குங்கள், கணினிகளில் டிரைவரை அழிக்காமல் போர்ட்டை மட்டும் புதிய எண்ணுக்கு மாற்றுங்கள். நெற்றியில் ஒட்டிய பழைய துண்டுப் பேப்பரைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். அதை விட்டுவிட்டு, பழைய எண்ணை நம்பி ஒரு மணி நேரம் பிங் அடித்துக்கொண்டிருந்தது நானேதான்.